யாழ்ப்பாணத்துக் கடற்கரை விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது வட்டுக்கோட்டையில். காரைநகருக்குப் போகிற பஸ் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகும். அதனால் வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருகிற சொந்தக்காரர், அவர்களின் சிநேகிதர், சென்னையில் என்னோடு படித்தவர்கள் என்று எல்லோரும் கடலுக்குப் போவதென்றால் முதலில் என்னிடம்தான் கேட்பார்கள். கேள்விகள் அநேகமாக ஒன்றுதான். வட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் அனுப்பிக்கொண்டிருந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில குளிக்கக்கூடிய கடற்கரை இருக்கா? எல்லாரும் கோயிலையும் பனையையும்தானே காட்டுகினம்.

இருக்கிறது. காரைநகரில் கசூரினா, வேலணையில் சாட்டி, வடமராட்சியில் மணற்காடு ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் எல்லோரும் போகிற இடங்கள். இவற்றோடு கடலை ஒட்டி நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணி இருக்கிறது. படகேறினால் நயினாதீவு, நெடுந்தீவு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாய்மனைக் கதிரைகளும் குடைகளும் வரிசையாக நிற்கிற, இரவில் பாட்டுக் கேட்கிற கடற்கரையைத் தேடி இங்கே வரவேண்டாம். இது ஆட்கள் தொழில் செய்கிற கடல். காலையில் வள்ளம் கரைக்கு வரும், வலை காயும், பிற்பகலில் ஊர்ப் பிள்ளைகள் பந்து அடிப்பார்கள். அமைதிதான் வேண்டும் என்றால் அது நிறையவே கிடைக்கும்.

எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கு. ஒரு கடற்கரை மட்டும் சொல்லுங்கோ.

கசூரினா. யாழ் நகரிலிருந்து சுமார் 22 கிலோமீற்றர். வட்டுக்கோட்டை, மூளாய், பொன்னாலை தாண்டி, கடலுக்கு நடுவே போகிற பொன்னாலைத் தாம்போதியால் காரைநகருக்குள் இறங்க வேண்டும். அந்தத் தாம்போதியில் வாகனத்தை மெதுவாக விடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர், அதில் கொக்கும் நாரையும் நிற்கும்.

கரையோரம் சவுக்கு மரங்கள் நிற்பதால்தான் அந்தப் பெயர். கசூரினா என்றால் சவுக்கு. மரநிழலில் பாயை விரித்துவிட்டு நாள் முழுக்க இருக்கலாம். தண்ணீர் நெடுந்தூரத்துக்கு முழங்கால், இடுப்பு என்றுதான் ஏறும். உடுப்பு மாற்றவும் கழிப்பறைக்கும் வசதி உண்டு. கொஞ்சம் தள்ளிக் கோவளம் வெளிச்சவீடு இருக்கிறது. ஞாயிறும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாளும் சனம் அதிகம். கிழமை நாளில் காலை ஏழு மணிக்குப் போனால் கடற்கரை முழுக்க உங்களுக்குத்தான்.

எந்த மாதம் வந்தால் நல்லது?

தை கடைசியிலிருந்து சித்திரை நடுப்பகுதி வரை. (நாங்கள் ஜனவரியைத்தான் தை என்போம், பெப்ரவரி மாசி, மற்ற மாதங்களும் அதே வரிசையில்.) மழை ஓய்ந்திருக்கும், வாடைக்காற்று அடங்கியிருக்கும், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று இன்னும் தொடங்கியிருக்காது. பங்குனியில் சில காலைகளில் கசூரினாக் கடல் தட்டில் வைத்த தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கும். அந்த நாட்களில் நான் வேலைக்குப் போகும் முன்பே போய்ப் பார்த்துவிட்டு வருவதுண்டு.

சித்திரை, வைகாசியில் வெயில் கடுமை. வைகாசி முதல் புரட்டாதி வரை மழை குறைவு, ஆனால் காற்று. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலம். யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு இந்த மூன்று மாதத்திலேயே கொட்டிவிடும். புயல்களும் அப்போதுதான் வரும். 2008 கார்த்திகையில் நிஷா புயல் கொண்டுவந்த வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை.

அக்கா, நாங்க ஆகஸ்ட்லதான் வர முடியும். அப்போ காத்து பலமா இருக்கும்னு சொல்றாங்க. கடல்ல இறங்க முடியுமா?

முடியும், கரையைச் சரியாகத் தேர்ந்தால். எங்கள் கடற்றொழிலாளர் காற்றைத் திசையின் பெயரால்தான் சொல்வார்கள். தென்மேற்கிலிருந்து வருவது சோளகம். வைகாசி முதல் புரட்டாதி வரை அதன் காலம். வடக்கு, வடகிழக்குப் பக்கமிருந்து வருவது வாடை. கார்த்திகை தொடங்கித் தை வரை. குடாநாடு சிறியது. காற்று ஒரு கரையில் மோதும்போது எதிர்ப்பக்கக் கரைக்குத் தரையே மறைப்பாகிவிடும்.

கசூரினா வடக்குப் பார்த்த கரை. சோளகம் வீசும்போது காற்று தரையைக் கடந்துதான் அங்கே வரும், அலை எழும்பாது. ஆகவே ஆகஸ்டில் கசூரினா சரி. சாட்டி தெற்குப் பார்த்தது. சோளகத்தில் தண்ணீர் கலங்கி அலை அடிக்கும், வாடையில் அமைதியாக இருக்கும். போகிற நாள் காலையில் மரக்கிளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு எடுங்கள்.

இதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. சோளகம் வீசும்போது கசூரினாவில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கிப் போகும். கடல் அசையாமல் இருக்கும், பிள்ளை காற்றடைத்த ரியூப்பில் மிதந்துகொண்டிருக்கும், ஐந்து நிமிடத்தில் எட்ட முடியாத தூரத்துக்குப் போய்விடும். அந்தக் காலத்தில் ரியூப், காற்று மெத்தை ஒன்றும் வேண்டாம். பந்தும் வேண்டாம், அதன் பின்னால் பிள்ளை போகும்.

ஆகஸ்டுக்கு இன்னொன்று: நல்லூர்த் திருவிழா 25 நாள் அநேகமாக அப்போதுதான் வரும். அறை கிடைப்பது கஷ்டம். இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

கசூரினாவா சாட்டியா?

சாட்டி நகரத்துக்குப் பக்கம். பண்ணைத் தாம்போதி கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாக அரை மணிநேரத்துக்குள் போய்விடலாம். கரை சிறியது, சனமும் குறைவு. வாகனம் கரைக்குப் பக்கத்திலேயே போகும். காற்றுக் கணக்கு மேலே சொன்னதுதான். மாலையில் மட்டும் நேரம் இருக்கிறவர்களுக்கு நான் சாட்டியைச் சொல்வேன். திரும்பி வரும்போது பண்ணைத் தாம்போதியில் நின்று பொழுது சாய்வதைப் பார்க்கலாம். முழு நாளும் கடலோடு இருக்க வேண்டும் என்றால் கசூரினா.

மணற்காட்டில பாலைவனம் மாதிரி மணல் மலை இருக்காமே. அங்க குளிக்கலாமா?

மணல் மேடுகள் உண்மைதான். பருத்தித்துறைக்குத் தெற்கே, வல்லிபுர ஆழ்வார் கோயிலைத் தாண்டிப் போகவேண்டும். மணலுக்குள் பாதி புதைந்துபோன பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் நிற்கின்றன. அடம்பன் கொடி மணலைப் பிடித்துக்கொண்டு படர்ந்திருக்கும். இராவணன் மீசை காற்றில் உருண்டு ஓடும். அதைத் துரத்தாத பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. விடியற்காலையில் போங்கள். கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலுக்குள் இருந்து எழும்பும். ஒன்பது மணிக்குப் பிறகு மணல் காலைச் சுடும்.

குளிக்க நான் சொல்லமாட்டேன். இது பாக்கு நீரிணையைப் பார்த்த கரை அல்ல. வங்காள விரிகுடா நேரே வந்து மோதுகிற கரை. ஆழம் சட்டென்று இறங்கும், இழுப்பு உண்டு. 2004 மார்கழி 26ஆம் திகதி சுனாமி வடமராட்சி கிழக்கு முழுவதும் புகுந்து ஊர்களை அள்ளிக்கொண்டு போனது. அந்த மண்ணில் நடக்கும்போது அதை மனதில் வைத்திருங்கள். புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வார் கடல் தீர்த்தத்துக்கு இந்தக் கரைக்குத்தான் வருவார். அன்று ஆயிரக்கணக்கான சனம் கடலில் இறங்கும். மற்ற நாட்களில் கால் நனைப்பதோடு நில்லுங்கள்.

அலையே இல்லாத கடல்தானே, பிள்ளைகளைத் தனியே விடலாம்தானே?

விடக்கூடாது. பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல் என்பதால்தான் கசூரினாவில் பெரிய அலை எழுவதில்லை. ஆனால் அடியில் மணல் ஒரே சீராக இருக்காது. இடுப்பளவில் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பள்ளத்தில் கால் இறங்கலாம். நீச்சல் தெரியாத பெரியவர்கள்தான் இதில் கூடுதலாக மாட்டுப்படுகிறார்கள், பிள்ளைகளை விட. அமைதியைப் பார்த்து நம்பிப் போய்விடுவார்கள்.

நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்த வேண்டாம். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு ஒடுங்கிய வழியைத் தேடிக்கொள்ளும். நீங்கள் அந்த வழியில் நிற்கிறீர்கள். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தினால் அதை விட்டு வெளியே வந்துவிடலாம். உயிர்காப்பு ஆட்கள் இருப்பார்கள் என்று நம்பி இறங்காதீர்கள். தண்ணீருக்குள் நிற்கிற பெரியவர் ஒருவர், கரையில் நின்று எண்ணிக்கொண்டிருக்கிற ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். கையில் தொலைபேசி இருக்கக்கூடாது.

காலுக்குச் செருப்பும் வேண்டும். சில இடத்தில் முருகைக்கல் (பவளப்பாறை) துண்டு, சிப்பி. மங்கலான தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் அரைத்து அரைத்து நடங்கள். மணலில் கிடக்கிற திருக்கை விலகிப்போகும். போத்தல் கண்ணாடியும் இருக்கும். எங்கள் பெறாமகன் ஒருவனுக்குக் குதிகாலில் ஐந்து தையல் போட்டது மணலுக்குள் கிடந்த உடைந்த போத்தலால். அதைப் போட்டவர் விடுமுறைக்கு வந்தவராகத்தான் இருக்க வேண்டும்; வள்ளக்காரர் வெறுங்காலோடு நடக்கிற இடத்தில் போத்தல் உடைக்கமாட்டார்.

கரை முழுக்கக் கறுப்பாய் ஏதோ ஒதுங்கிக் கிடக்கு, மணக்குது. கடல் அழுக்காயிட்டுதா?

அது சாதாழை. கடலடியில் வளர்கிற புல், காற்று மாறும்போது பிடுங்குப்பட்டுக் கரைக்கு வரும். காய்ந்தால் மணக்கும், அவ்வளவுதான். முன்பு வண்டியில் ஏற்றித் தோட்டத்துக்குப் பசளையாகப் போடுவார்கள். எங்கள் கடலில் ஓரா மீனும் இறாலும் நண்டும் குஞ்சாக இருக்கும்போது ஒளிந்து வளர்வது அந்தப் புல்லுக்குள்தான். கடற்பசுவுக்கு உணவும் அதுதான். சாதாழை கிடக்கிறது என்றால் கடல் உயிரோடு இருக்கிறது. ஐம்பது மீற்றர் தள்ளி நடந்தால் சுத்தமான மணல் வந்துவிடும்.

பிளாஸ்ரிக் போத்தலும் உணவுப் பொதியும் கிடந்தால் அதுதான் அழுக்கு. ஒரு பை கொண்டுபோய் உங்களுடையதை மட்டுமாவது திருப்பி எடுத்து வாருங்கள்.

அன்ரி, நான் அங்க சுவிம்சூட் போடலாமா? அம்மா கூடாது எண்டுறா.

சட்டம் ஒன்றும் தடுக்கவில்லை. ஆனால் எங்கள் பெண்கள் சுடிதாரோடு அல்லது நீளக் காற்சட்டையும் ரீசேட்டுமாகத்தான் கடலில் இறங்குவார்கள். குட்டையாக உடுத்தால் பார்ப்பார்கள். அந்தப் பார்வை உன் நாளைக் கெடுத்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன், நீ செய்வது பிழை என்பதற்காக இல்லை. உடம்போடு ஒட்டிய முழுக்கை நீச்சல் உடுப்பு போட்டால் வெயிலுக்கும் நல்லது, நீந்தவும் இலகு. கிழமை நாள் காலையில் ஆட்களே இல்லாதபோது நீயே பார்த்து முடிவு எடு.

கீரிமலைக்கும் நயினாதீவுக்கும் போகிற அன்று மாற்று உடுப்பு வேண்டும். கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். பெண்களுக்குச் சேலையோ பாவாடையோ சுடிதாரோ.

கடற்கரையிலேயே அறை எடுத்துத் தங்கலாமா?

மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் யாழ் நகரில் தங்கிக் காலையில் கடலுக்குப் போய் வருவார்கள். தூரம் எதுவும் ஒரு மணிநேரத்தைத் தாண்டாது. காரைநகரிலும் பருத்தித்துறைப் பக்கமும் வீட்டோடு சேர்ந்த சிறு விடுதிகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது அதுதான். காலையில் கிணற்றடியில் உப்புக் கழுவிவிட்டு, வீட்டுக்காரர் அவித்த பிட்டைச் சாப்பிடுகிற விடுமுறை வேறு எங்கே கிடைக்கும்?

காங்கேசன்துறையில் கடலைப் பார்த்தபடி இராணுவம் நடத்துகிற விடுதி ஒன்று இருக்கிறது. காரைநகருக்கும் ஊர்காவற்துறைக்கும் இடையில் கடற்கோட்டையில் கடற்படை நடத்துவது இன்னொன்று. இடங்கள் அழகானவை. ஆனால் காங்கேசன்துறைப் பக்கம் 1990இல் இடம்பெயர்ந்த மக்களின் காணிகளில் ஒரு பகுதி இன்னும் திரும்பக் கொடுக்கப்படவில்லை. எங்களில் பலருக்கு அங்கே போய்ப் படுக்க மனம் வராது, எனக்கும் வராது. தெரிந்துகொண்டு முடிவு எடுங்கள்.

கார் பிடிக்கவேணுமா, பஸ்ஸில போகலாமா?

பெரும்பாலான இடங்களுக்கு நகரத்து மத்திய பஸ் நிலையத்திலிருந்து பஸ் உண்டு. கசூரினாவுக்குக் காரைநகர் பஸ், பிறகு கடற்கரை வரை ஓட்டோ. பின்னேரம் திரும்பும் பஸ் குறைந்துவிடும் என்பதால் இறங்கும்போதே கடைசி பஸ்ஸை நடத்துநரிடம் கேட்டு வையுங்கள். நான்கு பேர் என்றால் ஓட்டோவைப் பேசி எடுப்பது நல்லது. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து முதலிலேயே விலை பேசுங்கள். இளையவர்கள் மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுப்பார்கள். தீவுப் பக்கத் தாம்போதிகளில் காற்று பக்கவாட்டில் தள்ளும், மெதுவாக ஓடுங்கள்.

கொழும்பிலிருந்து ரயில் யாழ்ப்பாணம் தாண்டிக் காங்கேசன்துறை வரை வரும். போரில் அழிந்த பாதை யாழ்ப்பாணம் வரை 2014இலும் காங்கேசன்துறை வரை 2015இலும் திரும்பத் திறந்தது. சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் இருக்கிறது. நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஐப்பசியில் தொடங்கியது. காலநிலையைப் பொறுத்து நிற்கும், ஓடும். அதை நம்பித் திரும்பும் நாளை இறுக்கமாக வைக்க வேண்டாம்.

கடற்கரையில சாப்பிட என்ன கிடைக்கும்?

கசூரினாவில் சிறு கடைகள் இருக்கின்றன, பொரித்த மீனும் நண்டும் சோறும் கிடைக்கும். ஆனால் நான் சொல்வது இதுதான்: காலையில் பாசையூர் அல்லது குருநகர் மீன் சந்தைக்குப் போய் வாங்குங்கள், தங்குகிற வீட்டில் சமைத்துத் தருவார்களா என்று முதல் நாளே கேளுங்கள். காரைநகர் நண்டுக்கு ஒரு தனி ருசி. கூட்டமாக வந்தால் ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவில் கூழ் காய்ச்சச் சொல்லுங்கள். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்ட கூழைப் பனையோலைப் பிளாவில் குடித்துவிட்டுச் சவுக்கு நிழலில் படுத்தால் எழும்ப மனம் வராது. வெள்ளிக்கிழமை பல வீடுகளில் மரக்கறிதான், அன்று வற்புறுத்த வேண்டாம்.

வைகாசி முதல் ஆடி வரை வந்தால் நுங்கும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் உண்டு. குடிதண்ணீர் மட்டும் எங்கே போனாலும் கொண்டு போங்கள். எங்கள் ஊரில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைதான் கிணற்றுத் தண்ணீர். கரையோரத்தில் அது உவர்த்திருக்கும்.

நெடுந்தீவுக்கு ஒரே நாளில போய் வரலாமா?

வரலாம், ஆனால் விடியவே வெளிக்கிட வேண்டும். நகரத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒரு மணிநேரம். அங்கிருந்து படகில் இன்னும் ஒரு மணிநேரம். காலையில் போகிற படகு பிற்பகலில் திரும்பும். தீவுச் சனம் ஆசுப்பத்திரிக்கும் அலுவலகத்துக்கும் போய் வருவதும் இதே படகில்தான். அவர்களுக்கு இடம் விட்டுவிட்டு ஏறுங்கள். உயிர்காப்பு அங்கி தந்தால் கட்டாயம் போடுங்கள். சோளகம் முற்றிய நாட்களில் படகு நன்றாகத் தூக்கிப் போடும், சில நாள் சேவையே நிற்கும். வயிற்றைக் குமட்டுகிறவர்கள் படகின் நடுப்பகுதியில் இருங்கள்.

தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். இறங்குதுறையில் ஓட்டோ பிடித்துச் சுற்றலாம். முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், பெருக்கமரம், ஒல்லாந்தர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் குதிரைகளின் வழிவந்த மட்டக் குதிரைகள். குதிரைகளுக்குச் சாப்பாடு நீட்ட வேண்டாம், துரத்திப் படம் எடுக்க வேண்டாம். கோடையில் அவற்றுக்குத் தண்ணீரே பாடு. இதே வழியில் 1985 வைகாசி 15ஆம் திகதி குமுதினிப் படகில் போன சனங்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உங்கள் பக்கத்தில் இருக்கிற அம்மாவின் வீட்டிலும் ஒருவர் அந்தப் படகில் போயிருக்கலாம். அந்தக் கடலில் சத்தம் போட்டுப் பாட வேண்டாம்.

அங்கேயே ஒரு இரவு தங்கினால் என்ன?

அதுதான் என் விருப்பம். பகல் படகு திரும்பியவுடன் தீவு அடங்கிவிடும். விடுதிகள் சில இருக்கின்றன. சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், கடைகளை நம்ப முடியாது. தண்ணீரை அளவாகப் பாவியுங்கள். இரவில் வெளிச்சம் குறைவு என்பதால் வானத்தில் அவ்வளவு வெள்ளி தெரியும். அடுத்த நாள் காற்றால் படகு நிற்கலாம் என்பதால் விமானத்துக்கு முதல் நாள் இதைச் செய்யாதீர்கள்.

கீரிமலையில அந்தியேட்டி செய்வினமே. விடுமுறைக்கு வந்த நாங்கள் அங்க குளிக்கலாமா?

குளிக்கலாம். அந்தியேட்டி, அதாவது இறந்தவர்களுக்கான கிரியை, அங்கே நடந்தாலும் கேணி எல்லோருக்கும் பொது. கடலுக்கு ஒரு சுவர்தான் இடைவெளி, ஆனாலும் உள்ளே ஊறுவது நிலத்தடி நன்னீர். மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியாக இறங்கிக் கடலோரத்தில் வெளியே வருகிறது. நகுலமுனிக்குக் கீரிமுகம் மாறியது இந்தத் தீர்த்தத்தில்தான் என்பது எங்கள் ஐதீகம். ஆண்களுக்குத் திறந்த கேணி, பெண்களுக்கு மதில் கட்டிய தனிக் கேணி.

பக்கத்தில் ஒரு குடும்பம் அப்பாவின் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்து நிற்கும். அந்த நேரம் குதித்துக் கும்மாளம் அடிக்காமல் ஒதுங்கி நில்லுங்கள், படம் எடுக்காதீர்கள். சவர்க்காரம் போடாதீர்கள். ஆடி அமாவாசையன்று மட்டும் விடுமுறைக் குளிப்புக்கென்று போகாதீர்கள். அன்று தகப்பனை இழந்தவர்களின் நாள்.

உண்மையைச் சொல்லுங்கோ, நிலாவெளி, பாசிக்குடாவுக்குப் போனால் இதைவிட நல்லதுதானே?

நீந்தவும், கடலுக்கு அடியில் பார்க்கவும், கடற்கரை விடுதியில் கிடக்கவும் என்றால் ஆம். திருகோணமலைப் பக்கத்து நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் முருகைக்கல்லும் மீனும் பார்க்கலாம். பாசிக்குடாவும் ஆழமில்லாத அமைதியான குடா, விடுதிகளும் ஏராளம். சித்திரை முதல் புரட்டாதி வரை அவற்றின் காலம். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு வாகனத்தில் ஐந்து மணிநேரம் வரை பிடிக்கும். பத்து நாள் இருந்தால் ஐந்து இங்கே, மூன்று அங்கே, மிச்சம் பயணத்துக்கு என்று வைக்கலாம்.

ஆனால் விடுதிக்குள் போனால் விடுதிதான். இங்கே மீன் விற்கிறவர் நீங்கள் ஆருடைய பிள்ளை என்று கேட்பார், பதிலைச் சொன்னால் உங்கள் பாட்டனாரைத் தெரியும் என்பார். அப்படி ஒரு பின்னேரத்துக்காக இவ்வளவு தூரம் வருகிறவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

சங்கு, முருகைக்கல் எல்லாம் கரையில சும்மா கிடக்கு. ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டு போகலாமா?

முருகைக்கல் கூடாது. அதை எடுப்பதும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதும் சட்டப்படி குற்றம்; விமான நிலையத்தில் பையைத் திறந்தால் வெட்கப்பட வேண்டிவரும். ஆமை, ஆமை ஓடு, முட்டை எதையும் தொடக்கூடாது; இலங்கைக் கரைக்கு வருகிற ஐந்து வகைக் கடலாமைகளும் பாதுகாக்கப்பட்டவை. சங்கு, கடலட்டை அனுமதிப்பத்திரத்தோடு நடக்கிற தொழில். வெறும் சிப்பியையும் விட்டுவிடலாம், அதற்குள் துறவி நண்டு குடியிருக்கும். ஞாபகத்துக்கு என்றால் பனையோலைப் பெட்டி வாங்குங்கள், அதைப் பின்னுகிற பெண்ணுக்கும் காசு போகும்.

கரைவலை இழுக்கிறதைப் படம் எடுக்கலாமா? ட்ரோன் கொண்டுவரலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். கரைவலைக்காரர் பாடு அன்றைய வலையில்தான். வெறும் வலை வந்த நேரம் கமெராவை நீட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்? வாடியடியில் (மீனவர் கொட்டிலடியில்) கொஞ்ச நேரம் கதைத்துக்கொண்டு நின்றால் அவர்களே கயிற்றைப் பிடிக்கக் கூப்பிடுவார்கள். வலைக் கயிற்றைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள்.

ட்ரோனுக்கு விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். கரையோரம் முகாம்கள் இருப்பதால் இங்கே கண்டிப்பு அதிகம். முகாம், காவலரண் எதையும் தொலைபேசியாலும் எடுக்க வேண்டாம். மிதிவெடிப் பலகை இருக்கிற, அல்லது ஆள் நடமாட்டமே இல்லாத பற்றைக் காணிகளுக்குள்ளும் இறங்க வேண்டாம்.

தெரியாமல் மார்கழிக்கு ரிக்கெட் எடுத்திட்டம். வீணா?

கடலில் குளிக்கிற நாள் குறையும், அவ்வளவுதான். மழை விட்ட நாளில் சாட்டிக்குப் போங்கள், காரணம் காற்றுக் கேள்வியில் இருக்கிறது. மழைக்குப் பிறகு கடனீரேரி நிறைந்திருக்கும். வலசை வருகிற பறவைகள் அப்போதுதான். மண்டைதீவு, அராலிப் பக்கங்களிலும் சுண்டிக்குளத்திலும் பூநாரைக் கூட்டத்தைக் காண வாய்ப்பு இருக்கிறது. பருத்தித்துறையிலிருந்து வல்வெட்டித்துறைக்குப் போகும் கடலோர வீதியில் வாடை அலை கல்லணையில் மோதித் தெறிக்கிறதை வாகனத்துக்குள் இருந்தே பார்க்கலாம். கல்லணையில் ஏறி நிற்க வேண்டாம்.

மச்சாள், அம்மாவுக்கு 81 வயது, நடக்க ஏலாது. ஒருக்கால் கடலில கால் நனைக்கவேணும் எண்டுறா. எங்க கூட்டிக்கொண்டு போறது?

சாட்டிக்கு. கசூரினாவில் வாகனம் நிற்கும் இடத்திலிருந்து மணலில் நடக்க வேண்டும், சக்கர நாற்காலி புதையும். கீரிமலையில் படிகள் வழுக்கும். சாட்டியில் வாகனத்தைக் கரைக்குக் கிட்டக் கொண்டுபோகலாம். பங்குனி மாதத்தில், காற்றில்லாத நாளாகப் பார்த்து, வெயில் ஏற முன் எட்டு மணிக்குள் போங்கள். கைபிடி வைத்த பிளாஸ்ரிக் கதிரை ஒன்று கொண்டுபோக மறக்காதீர்கள்.

போன வருடம் பெரியம்மாவை நாங்கள் அப்படித்தான் கொண்டுபோனோம். கதிரையில் இருத்தி, இரண்டு பேர் தூக்கிக் கணுக்காலளவு தண்ணீரில் வைத்தோம். கதிரைக் கால் மெதுவாக மணலுக்குள் இறங்கும், ஆகவே ஒருவர் பின்னால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். ஒரு துவாய், மாற்றுச் சேலை, குடை, தேத்தண்ணிப் போத்தல் எடுத்துப் போங்கள். அரை மணிநேரம் என்று நினைத்துப் போனோம். இரண்டு மணிநேரம் இருந்தா. எழும்பச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.